பெங்களூரில் தமிழில் ஓர் எட்டு வாரக் குடும்பப் பயிற்சி: சேரலாமா?

பெங்களூரின் கிழக்குப் பகுதியில் ஒரு தன்னார்வ அமைப்பு ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை வகுப்பு நடத்துகிறது. எட்டு வாரம், முழுக்கத் தமிழில், ஒரு தொகுதிக்குப் பன்னிரண்டு பேர். பிள்ளை கஞ்சா, குடி, சொல்யூஷன் (போதைக்காக முகரும் பசை) என்று போய்விடுவானோ என்று பயப்படுகிறவர்களும், போய்விட்டான் என்று தெரிந்துகொண்டவர்களும் வருகிறார்கள். அமைப்பின் பெயரையும் கூடத்தின் முகவரியையும் இங்கே எழுதவில்லை. வருகிறவர்கள் அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள். கட்டடம் தெரிந்தால் யார் வீட்டுப் பையன் என்பதும் தெரிந்துவிடும். இதே பாணியில் வேறு இடங்களிலும் வகுப்புகள் நடப்பதால், எது உருப்படியானது, எது ஒப்புக்கு நடப்பது என்று கண்டுபிடிக்கவும் இந்த மதிப்பீடு உதவும்.

பையன் இந்த வகுப்புக்கு வர வேண்டியதில்லை. சொல்லப்போனால் அழைத்து வராதீர்கள் என்கிறார்கள். "அவனைத் திருத்தத்தானே வந்தோம், அவன் இல்லாம என்ன பண்றது?" என்று முதல் வாரத்திலேயே கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் உண்டு. அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸும் கூட்டாளிகளும் வளர்த்தெடுத்த கிராஃப்ட் என்ற முறைதான் இங்கே அடிப்படை. சிகிச்சைக்கு வரமாட்டேன் என்கிறவனோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அவனோடு ஒரே வீட்டில் இருந்து சோறு போடுகிறவரைப் பயிற்றுவிப்பதுதான் அந்த முறை. 1999-இல் வெளிவந்த ஓர் ஒப்பீட்டு ஆய்வில், குடிக்கிறவர்களின் குடும்பத்தார் 130 பேரை மூன்று பிரிவாக்கி, ஒவ்வொருவருக்கும் 12 மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். கிராஃப்ட் பிரிவில் 64 சதவீதம் பேர் தங்கள் வீட்டுக் குடிகாரரைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார்கள். எல்லோரும் கூடி உட்கார்ந்து முகத்துக்கு நேரே பேசும் முறையில் 30 சதவீதம். குடிக்கிறவர்களின் குடும்பத்தார் கூடிப் பேசும் அல்-அனான் குழுக்களின் வழியில் 13 சதவீதம்.

இந்த 64-ஐ முதல் நாளே பலகையில் பெரிதாக எழுதிவிடுகிறார்கள். அது கொஞ்சம் அதிகம். அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரியவர்கள், குடிகாரர்கள், அமெரிக்க வீட்டுக்காரர்கள். இன்னொன்று, அந்த எண் சிகிச்சைக்குள் வந்தவர்களின் கணக்கு. குடியை விட்டவர்களின் கணக்கு இல்லை. "நூத்துக்கு அறுபத்து நாலு பேர் திருந்திடுவாங்களாம்" என்று வாசலில் பேசிக்கொண்டே போகும் அம்மாக்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

வகுப்பு எடுக்கிறவர்கள் இருவர். ஒருவர் சமூகப்பணி படித்தவர். இன்னொருவர் முந்தைய தொகுதி ஒன்றில் பயிற்சி முடித்த ஒரு தாய். எல்லோருக்கும் அவர் அக்கா. பாடம் இருவரும் சமமாகத்தான் எடுக்கிறார்கள். ஆனால் கூடம் நிமிர்ந்து உட்காருவது அக்கா பேசும்போதுதான். அச்சிட்ட தாளில் 'நேர்மறை வலுவூட்டல்' என்றிருப்பதை அக்கா "தட்டிக்கொடுக்கிறது" என்கிறார். 'இடர்நிலை இளைஞர்' என்பதை "சகவாசம் சரியில்லாத பசங்க" என்கிறார். தாளை அவரிடமே எழுதக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாம் வாரம்தான் பயிற்சியின் முதுகெலும்பு. அன்று ஒரு 'சங்கிலித் தாள்' கொடுக்கிறார்கள். ஐந்து கட்டம். பழக்கத்துக்கு முன் யாரோடு, எங்கே, எத்தனை மணிக்கு. அப்போது மனசில் என்ன. எதை எவ்வளவு எடுத்தான். உடனே கிடைத்த சுகம் என்ன. பிறகு கட்டிய விலை என்ன. வகுப்பில் மாதிரிக்குப் பூர்த்தி செய்து காட்டும் தாள் இப்படி இருக்கிறது: வயது 17, இரண்டாம் பி.யூ.சி. (பன்னிரண்டாம் வகுப்பு), கணக்குப்பதிவியலில் ஃபெயில். சனிக்கிழமை மாலை ஆறரை, டியூஷன் இல்லாத நாள், ரயில்வே லைன் ஓரம், கூட இரண்டு பேர். மனசில்: 'நான் ஒன்னுக்கும் லாயக்கில்ல.' எடுத்தது: மூன்று பேருக்கு ஒரு கஞ்சா சிகரெட். உடனே கிடைத்தது: சிரிப்பு, கூட்டு, தூக்கம். விலை: ஞாயிறு மதியம் வரை படுக்கை, திங்கள் டெஸ்ட் போச்சு, அப்பாவிடம் அடி.

இந்தத் தாளை எழுதும்போது வீட்டார் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான். நான்காவது கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். "இதுல என்ன சுகம், எல்லாம் நாசம்தான்" என்று கோடு கிழித்துவிடுகிறார்கள். ஆனால் பழக்கத்துக்குப் போட்டியாக எதை வைக்கலாம் என்று காட்டுவதே அந்தக் கட்டம்தான். பையனுக்குக் கிடைப்பது போதை மட்டும் என்றால் வழி ஒன்று. கூட்டாளிகளும் சிரிப்பும் என்றால் வழி வேறு. மாதிரித் தாளில் உள்ள பையனுக்குச் சனிக்கிழமை ஆறிலிருந்து எட்டு வரை டர்ஃப் மைதானத்தில் ஃபுட்பால் என்பது சரியான போட்டி. அதே நேரம், அதே கூட்டு, உடனடி மகிழ்ச்சி. ஞாயிறு காலை கோயிலுக்கு அழைத்துப் போவது நல்ல காரியம்தான், ஆனால் சனி மாலை ஆறரையோடு அது மோதவே மோதாது. நேரம் மோதாவிட்டால் பலன் கிடையாது என்பதை இந்த வகுப்பு அழுத்திச் சொல்கிறது. பல ஆலோசகர்கள் விட்டுவிடும் இடம் இது.

தாளை ஊகத்தில் எழுதக்கூடாது, குறைந்தது இரண்டு வாரம் கவனித்து எழுத வேண்டும் என்கிறார்கள். சரி. ஆனால் கவனிப்பது வேவு பார்ப்பதாக மாறும் வீடுகள் உண்டு. போனைத் திறந்து பார்ப்பது, பையைக் குடைவது, கூட்டாளியின் அம்மாவுக்குப் போன் போடுவது. எந்த எல்லையில் நிற்க வேண்டும் என்று வகுப்பில் ஒரு வரிகூட இல்லை.

நான்காம் வாரம் பேச்சு. இதற்காகவே சேரலாம். மூன்று மூன்று பேராகப் பிரிந்து உட்கார வேண்டும். ஒருவர் அம்மா, ஒருவர் மகன், மூன்றாமவர் கையில் நான்கு கட்டம் போட்ட சின்ன அட்டை: சுருக்கமா, இனிமையா, ஒரே விஷயமா, தன் மனசைச் சொன்னாரா. அம்மாவாக நடிப்பவர் பேசப் பேச மூன்றாமவர் டிக் போடுகிறார். நாலும் விழுகிற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சிலருக்கு ஐந்து தடவை ஆகிறது, சிலருக்குப் பத்து.

முதல் தடவை வாயில் வருவது இது: "எப்பப் பாத்தாலும் அந்தத் தறுதலைங்களோட சுத்திட்டு நடுராத்திரி வர்ற, உங்கப்பன் வண்டி ஓட்டி ஓட்டி முதுகொடிஞ்சு கெடக்கார், உனக்கு வெக்கமே இல்லையாடா?" ஒரு டிக்கும் விழாது. நாலாவது, ஐந்தாவது தடவையில் அது இப்படி மாறுகிறது: "நேத்து ஒம்பதரைக்கெல்லாம் வந்துட்ட ராஜா. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. இன்னைக்கும் பத்துக்குள்ள வந்தா சுடச்சுட தோசை ஊத்தித் தரேன்." முதல் வாக்கியத்தில் நடந்தது, இரண்டாவதில் மனசு, மூன்றாவதில் அடுத்த படி. 'எப்பப் பாத்தாலும்', 'ஒரு நாளாவது', 'உங்கப்பன்' மூன்றும் தடை செய்யப்பட்ட சொற்கள். அக்கா அவற்றைக் கேட்டதும் மேஜையைத் தட்டுகிறார்.

போதையில் வந்து நிற்கும் ராத்திரிக்குத் தனி வாக்கியம்: "இப்ப நான் பேசல. படுக்கப் போறேன். காலைல காபி குடிச்சுட்டுப் பேசலாம்." அவ்வளவுதான். அன்று ராத்திரி சண்டை, அழுகை, சத்தியம் வாங்குதல் எதுவும் கிடையாது. காரணம் எளிது: போதையில் கொடுத்த சத்தியம் காலையில் நினைவில் இருக்காது, ஆனால் அம்மா அழுத அழுகை மட்டும் கசப்பாக மிஞ்சும்.

கிராஃப்ட் முறையின் மூலத்தில் பேச்சுக்கு ஏழு விதி. இங்கே நான்கோடு நிறுத்தியிருக்கிறார்கள். விட்டுப்போனவற்றில் ஒன்று, தன் பங்கை ஒப்புக்கொள்வது. "நானும் அன்னைக்குக் கத்தியிருக்கக் கூடாது" என்று பெற்றவர் சொல்வது. பெற்ற தகப்பன் பிள்ளையிடம் தப்பு என்று சொல்வதா என்று நம் வீடுகளில் முகம் சுளிப்பார்கள் என்பதால் எடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது. எடுத்திருக்க வேண்டாம். பையன் கதவைச் சாத்திக்கொண்ட வீட்டில் அந்தக் கதவைத் திறக்கும் வாக்கியம் பெரும்பாலும் அதுதான்.

ஐந்தாம் வாரம் தட்டிக்கொடுப்பதும், கையை இழுத்துக்கொள்வதும். போதை எடுக்காத நேரத்தில் உடனே ஏதாவது நல்லது கிடைக்க வேண்டும். எடுத்த நேரத்தில் அது கிடைக்கக்கூடாது. பரிசு சின்னதாக, ஒரு மணி நேரத்துக்குள், பணமாக இல்லாமல் இருக்க வேண்டும். பிடித்த சாப்பாடு, கூட உட்கார்ந்து கிரிக்கெட் பார்ப்பது, வண்டியில் ஒரு ரவுண்டு. 'ஒரு மாசம் தொடாம இருந்தா புது போன்' என்பது தோற்றுப்போகும் பேரம். பதினேழு வயதுக்கு ஒரு மாசம் என்பது ஒரு யுகம். கையில் ஐந்நூறு ரூபாய் கொடுப்பது அதைவிட மோசம், அது எங்கே போகும் என்று சங்கிலித் தாளிலேயே எழுதியிருக்கிறது. பி.எம்.டி.சி. பஸ் பாஸ் எடுத்துக் கொடுங்கள், கல்லூரி கட்டணத்தை நேராகக் கட்டுங்கள், பாக்கெட் பணத்தை அன்றன்றைக்குக் கொடுங்கள், மாதத்துக்கு மொத்தமாகக் கொடுக்காதீர்கள் என்கிறார்கள். எல்லாம் சரியான யோசனை.

கையை இழுத்துக்கொள்வது என்றால் தண்டிப்பதில்லை. அவன் செய்ததன் விளைவு அவன்மேல் விழாமல் நாம் ஏந்திக்கொண்டிருக்கிறோமே, அந்தக் கையை எடுப்பது. கல்லூரிக்குப் போன் செய்து "ஜுரம்" என்று பொய் சொல்லாமல் இருப்பது. வாந்தி எடுத்த பாயை அவனே துவைக்க விடுவது. கூட்டாளியிடம் வாங்கிய கடனை அடைக்காமல் இருப்பது. கடைசியதில் மட்டும் விலக்கு உண்டு. கடன் கொடுத்தவன் மிரட்டினால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், பாடம் கற்பிக்கிற நேரம் இல்லை. இதை வகுப்பில் தெளிவாகச் சொல்கிறார்கள், அதற்கு ஒரு சபாஷ். அப்பாக்கள் வந்தால் சறுக்குவதும் இந்த வாரத்தில்தான். 'விளைவு' என்று சொன்னதைப் பெல்ட்டு என்று புரிந்துகொண்டு போகிறார்கள்.

ஆறாம் வாரம் நாற்காலிகள் காலியாக இருக்கும். காரணம் வகுப்பின் ஐந்தாம் வாரக் குறிப்பிலேயே இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை. வழக்கமாகக் கிடைத்துவந்த ஒன்றை நிறுத்தினால் அந்த நடத்தை குறைவதற்கு முன் ஏறும். பணம் நின்றதும் பையன் கத்துவான், பாத்திரத்தை வீசுவான், இரண்டு நாள் வீட்டுக்கு வரமாட்டான். கஞ்சாவைத் தானாகக் குறைத்தவனும் முதல் வாரத்தில் எரிந்து விழுவான், தூங்கமாட்டான், சோற்றைத் தள்ளுவான். பொதுவாக ஓரிரு நாளில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் தணிகிற விஷயம் இது. முன்கூட்டிச் சொன்னால் அம்மாக்கள் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுவார்கள். சொல்லாததால் "கிளாசுக்குப் போனதுலருந்து இன்னும் கெட்டுப்போயிட்டான்" என்று நின்றுவிடுகிறார்கள். இவ்வளவு நல்ல பயிற்சிக்கு இது பெரிய ஓட்டை, ஒரு பத்தி சேர்த்தால் அடைபடும் ஓட்டை.

இன்னொரு ஓட்டை வீட்டுக்குள் இருக்கிறது. ஒரு வீட்டில் அக்கறை உள்ள ஒருவரைப் பயிற்றுவித்தால் போதும் என்பது இந்த முறையின் கணக்கு. நம் வீட்டில் பாட்டி இருக்கிறார், சுருக்குப்பையில் ஐம்பது ரூபாய் வைத்திருக்கிறார், "சின்னப்புள்ளதானே" என்கிறார். தாய்மாமன் இருக்கிறார், "என் மருமகன் ஆம்பளைடா" என்று பீர் வாங்கித் தருகிறார். மாடி வீட்டு அண்ணன் இருக்கிறார். அம்மா ஒரு பக்கம் கையை இழுத்தால் மூன்று பக்கம் கை நீள்கிறது. இந்த அமைப்பு அதைக் கவனித்து, மூன்றாம் வாரத்துக்கு வீட்டிலிருந்து இன்னொரு பெரியவரை அழைத்து வரச் சொல்கிறது. மிகச் சரியான முடிவு. யாரை என்று கேட்டால் "யாராவது" என்கிறார்கள், அங்கேதான் தப்பு. பையனுக்கு யார் ரகசியமாகப் பணம் கொடுக்கிறாரோ அவரைத்தான் அழைத்து வர வேண்டும். பெரும்பாலும் அது பாட்டி. பாட்டிகள் ஒத்திகையில் அம்மாக்களைவிட நன்றாகவே நடிக்கிறார்கள் என்பது தனிக் கதை.

பீர் வாங்கித் தரும் மாமன்களுக்கு ஒரு சட்டத் தகவல்: 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவுப்படி, மருத்துவர் சொல்லாமல் 18 வயதுக்கு உட்பட்டவருக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தால் ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. வகுப்பில் இதைச் சொல்வதில்லை. சொன்னால் சில மாமன்கள் அடங்குவார்கள்.

பயிற்சியின் பலவீனங்களில் முதலாவது எழுத்து. தாள்கள் எல்லாம் தமிழில். பெங்களூர்த் தமிழ் வீடுகளின் நிலவரம் தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இங்கே பிறந்து வளர்ந்த அம்மாக்களில் பலர் வாய் நிறையத் தமிழ் பேசுவார்கள், படித்ததோ கன்னட மீடியம். 'சங்கிலித் தாள்' என்ற தலைப்பையே எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார்கள், சிலருக்கு அதுவும் முடியாது. பையன்களுக்குத் தமிழ் எழுத்து சுத்தமாகத் தெரியாது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் கன்னட எழுத்திலேயே அதே தமிழ் என்று அச்சிட்டுக் கொடுக்கலாம். அல்லது அக்காவின் குரலில் இரண்டு நிமிட வாய்ஸ் மெசேஜ் எட்டு அனுப்பினால் முடிந்தது.

இரண்டாவது, கிராஃப்ஃப்ட் என்ற ஆறு கேள்வித் தாள். பயிற்சி முறையின் பெயரும் இதுவும் காதில் ஒன்றுபோல் விழுந்து குழப்புகிறது, இரண்டும் வேறு. இது பாஸ்டனில் உருவான, 12 முதல் 21 வயது வரையானவர்களுக்கான சோதனை. போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியிருக்கிறாயா, ரிலாக்ஸ் ஆக எடுக்கிறாயா, தனியாக எடுக்கிறாயா, செய்தது மறந்துபோகிறதா, குறைத்துக்கொள் என்று வீட்டிலோ நண்பர்களோ சொன்னார்களா, அதனால் வம்பில் மாட்டினாயா. இரண்டு 'ஆமாம்' வந்தால் முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அர்த்தம். பையன் தனியாக, ரகசியம் காக்கப்படும் என்ற உறுதியோடு பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை. இந்த வகுப்பில் அம்மாவிடம் தாளைக் கொடுத்து வீட்டில் கேட்டுவரச் சொல்கிறார்கள். ஆறுக்கும் 'இல்லை' என்றுதான் வரும். கேட்ட அம்மாவும் நிம்மதியாகிவிடுகிறார், அது இன்னும் ஆபத்து. கடையில் விற்கும் சிறுநீர்ச் சோதனைக் கிட்டுக்கும் இதே கதிதான். தினமும் கஞ்சா புகைத்தவன் நிறுத்தி இரண்டு மூன்று வாரம் ஆன பிறகும் அது 'பாசிட்டிவ்' என்று காட்டலாம். நிஜமாகவே நிறுத்தியவனைப் பொய்யன் என்று அடித்துவிடுவீர்கள். சொல்யூஷன் எடுத்ததை அது காட்டவே காட்டாது.

மூன்றாவது, சொல்யூஷனும் தின்னரும். பஞ்சர் ஒட்டும் பசை, ஒயிட்னர் தின்னர், பெயின்ட் தின்னர் முகரும் சின்னப் பையன்களைப் பற்றி ஏழாம் வாரத்தில் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதை விட்டுவிடுகிறார்கள். முகர்ந்த நிலையில் இருக்கும் பையனைத் துரத்தக்கூடாது, மேலே பாய்ந்து பிடிக்கக்கூடாது, திடீரென்று கத்தி மிரட்டக்கூடாது. இந்த ரசாயனங்கள் இதயத்தைச் சட்டென்று தடுமாறும் நிலையில் வைத்திருக்கும். பயத்தில் அட்ரினலின் ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே நின்றுபோகலாம். முதல் தடவை முகர்ந்தவனுக்கும் இது நடக்கலாம். மெதுவாகப் பேசி, காற்றோட்டமான இடத்தில் உட்காரவைத்து, பசையும் துணியும் தள்ளி வைத்து, மயங்கினால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-ஐ அழைக்க வேண்டும். சந்தில் துரத்துவது நம் ஊரில் அப்பாக்களின் முதல் வேலை என்பதால் இதை இவ்வளவு நீட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண் பிள்ளைகள் பற்றி ஏறக்குறைய ஒன்றுமில்லை. உதாரணங்கள் அத்தனையும் பையன்கள்.

ரகசியம் பற்றி முதல் நாள் பேசுகிறார்கள், பாதி மட்டும். இங்கே பேசியது வெளியே போகாது என்கிறார்கள். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் யாராக இருந்தாலும் புகார் செய்தே ஆக வேண்டும்; பயிற்றுநரும் அதில் அடக்கம். ஓர் அம்மா நம்பிக்கையில் பேச ஆரம்பித்த பிறகு இதைச் சொல்வது துரோகம் போலத் தெரியும். முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

'செத்துடுவேன்' என்று பையனோ பெண்ணோ சொன்னால் என்ன செய்வது என்ற பகுதி நன்றாகவே இருக்கிறது. நேராகக் கேளுங்கள், "சாகணும்னு தோணுதாப்பா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்கிறார்கள். உண்மை. தனியே விடாதீர்கள், மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐ எல்லோர் போனிலும் பதியவைக்கிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இலவசச் சேவை, 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கும் வீடுகளுக்கு, 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவையும் சொல்கிறார்கள்: தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதப்படுவார், தண்டனை கிடையாது.

எட்டாம் வாரம், சிகிச்சைக்கு அழைப்பது எப்படி என்று ஒத்திகை. எந்த நேரத்தில் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வம்பில் மாட்டி வெட்கத்தோடு உட்கார்ந்திருக்கும் காலை நேரம் ஒன்று. "ஞாயித்துக்கிழமையானா எங்கம்மா போற?" என்று அவனே கேட்கும் நேரம் இன்னொன்று, அதற்காகவே காத்திருக்கச் சொல்கிறார்கள். "உனக்காகத்தான்டா, எப்படி உன்கூடப் பேசறதுன்னு கத்துக்கப் போறேன். நீயும் ஒரு தடவை டாக்டரைப் பாக்கறியா, பிடிக்கலைன்னா வந்துடலாம்." சரி என்று சொன்னால் ஓரிரு நாளுக்குள் மருத்துவர் முன் உட்காரவைக்க வேண்டும், அடுத்த வாரம் என்றால் மனம் மாறிவிடும். அதனால் ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டு, பயணத்துக்கு நூறு ரூபாய் ஒரு கவரில் போட்டு, எங்கே எந்த நாளில் புறநோயாளிப் பிரிவு என்று முன்பே விசாரித்து வைக்கச் சொல்கிறார்கள். ஓசூர் ரோட்டில் நிமான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் பிரிவும் போதை மருத்துவப் பிரிவும் தனித்தனி. 2014 முதல் போன், கேம் பிடியில் உள்ளவர்களுக்கு ஷட் கிளினிக்கும் அங்கே உண்டு. சிவாஜி நகர்ப் பக்கத்து வீடுகளுக்குப் பௌரிங் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு கைக்கெட்டும் தூரம்.

வேன் அனுப்பிப் பையனைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று சொல்லும் மறுவாழ்வு மையங்களைப் பற்றி வகுப்பு மௌனம். எச்சரித்தே ஆக வேண்டும். மைனரை மனநல நிலையத்தில் சேர்க்க வேண்டுமென்றால் அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 87-ஆம் பிரிவுப்படி இரண்டு மனநல மருத்துவர்கள், அல்லது ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ, தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துத் தங்கவைக்கக்கூடாது. தாய் தகப்பனோ அவர்கள் நியமிப்பவரோ கூடவே இருக்க வேண்டும். 'மூணு மாசம் பாக்க முடியாது, போன் பேச முடியாது' என்று சொல்லும் இடத்தில் பையனை விடாதீர்கள்.

கட்டணம் மொத்த எட்டு வாரத்துக்கும் சேர்த்தே தனியார் ஆலோசகரின் ஒரு மணி நேரக் கட்டணத்தைவிடக் குறைவு. கட்ட முடியாதவர்களிடம் கேட்பதில்லை. மதியம் மூன்று மணி என்பது கார்மென்ட்ஸ் வேலை, வீட்டு வேலை செய்யும் அம்மாக்களுக்கு ஏற்ற நேரம். ஆட்டோ ஓட்டும் அப்பாக்களுக்கு ஞாயிறு மாலை சவாரி நேரம், அதனால் வருவதில்லை. மாதம் ஒரு தடவை காலை ஏழு மணிக்கு ஸ்டாண்டிலேயே அரை மணி நேரம் அப்பாக்களுக்கு வைத்தால் வருவார்கள் என்று தோன்றுகிறது. எட்டு வாரம் முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள் என்பது மிச்சமிருக்கும் குறை. மூன்று மாதம் கழித்து ஒரு போன்கூட வருவதில்லை.

சில வீடுகள் இங்கே முதலில் வரக்கூடாது. பையன் தினமும் குடித்துக் கை நடுங்கும் நிலையில் இருந்தால் திடீரென்று நிறுத்தவைப்பதே வலிப்பில் முடியலாம், மருத்துவமனைதான் முதல். யாரோ பேசுவது கேட்கிறது, எல்லோரும் தன்னைப் பார்க்கிறார்கள் என்று சொன்னாலும், நாள்கணக்கில் தூங்காமல் இருந்தாலும், வீட்டில் கை நீட்டினாலும் அப்படியே. மற்றவர்கள் சேரலாம். போனில் பதிவு செய்யும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒத்திகை எத்தனை வாரம், முடிந்த பிறகு யார் கூப்பிடுவார்கள். ஒத்திகையே இல்லை, லெக்சர் மட்டும்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்க வேண்டாம். சேர்ந்தால் மூன்றாம் வாரத்துக்குப் பாட்டியை அழைத்துப் போங்கள். கூடம் முதல் மாடியில், லிப்ட் கிடையாது, பதினெட்டுப் படி.